பத்தொன்பதாம் விலா

'மெக்கானிக் தொலோச்கோ' என்ற சரக்குக் கப்பலில் லுக்கேரியாவுக்கு யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று எங்கள் கப்பல் கட்டும் தளம் பதினைந்து வருஷம் பேசியது. நானும் பேசினேன், கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன். பேசாமல் எப்படி இருக்க முடியும்? கல்யாணம் ஆகாதவள். வேறு எந்தக் கப்பலைப் பற்றியும் வாய் திறக்க மாட்டாள். துறைமுகத்திலிருந்து எந்த மாலுமி வந்தாலும் ஒரே கேள்விதான்: "தொலோச்கோ எங்க இருக்கு? நல்லா இருக்கா?" ஆளை விசாரிப்பது போலவே விசாரிப்பாள். அந்த ஆள் சமையல்காரன் என்றார்கள் சிலர், இரண்டாவது அதிகாரி என்றார்கள் சிலர். இரண்டாவது அதிகாரிக்கு ஒதேசாவில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று என் மனைவி ஹாப்கா துப்பறிந்து வந்து சொன்னாள்.

அப்படி ஒருத்தனும் இல்லை. இருந்தது பதினேழு மில்லிமீட்டர்.

என் பெயர் தெம்யான். த்னீப்பர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது எங்கள் தளம். அங்கே முப்பத்தெட்டு வருஷம் தகடு பொருத்தினேன். கப்பலின் விலாக்களை நிறுத்தி, அவற்றின்மேல் இரும்புத் தகட்டைப் போர்த்தும் வேலை. வாய் நீளம், காது மந்தம். இரண்டும் சம்மட்டி கொடுத்த வரம். லுக்கேரியா தரசிவ்னா வரைகூடத்துக்காரி. எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. தகடு பொருந்தாவிட்டால் நான் அவள் கோட்டைத் திட்டுவேன், அவள் என் சம்மட்டியைத் திட்டுவாள்.

வரைகூடம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள், கப்பலைக் காகிதத்தில் வரைந்து அப்படியே கட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். காகிதத்தில் ஒரு மயிரிழை தப்பினால் இரும்பில் அது கை நுழையும் சந்து. அதனால் கப்பலை முதலில் அதன் முழு அளவிலேயே தரையில் வரைவார்கள். எழுபது மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கூடம், கறுப்புச் சாயம் பூசிய பலகைத் தரை. மந்திரியே வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் செருப்பு வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் கப்பலில் கீறல் விழும் என்பார்கள். நெடுநீள பைன் மர ரீப்பரைத் தரையில் வளைத்துப் போட்டு, அது நகராமல் இருக்க ஈயக்கட்டிகளைப் பாரம் வைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். கூர்மூக்கும் வால் மாதிரி ஒரு கம்பியுமாக இருக்கும் அந்தக் கட்டிகளுக்கு எங்கள் தொழிலில் எலி என்று பெயர். "எலிய எடுத்துட்டு வா", "எலி பத்தல" என்று அங்கே பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, புதிதாக வந்த கட்சிக்காரர் ஒருவர் சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதிய கதையும் உண்டு.

இன்னொரு விஷயம். அவர்கள் வரைவது பாதிக் கப்பலைத்தான். வலப்பக்கத்தை மட்டும் வரைவார்கள். இடப்பக்கம் அதன் கண்ணாடிப் பிம்பம். அந்தப் பாதியையும் நீட்டிப்போட இடமில்லாமல், பின்பாதியை மூக்குப்பாதியின் மேலேயே வரைவார்கள். எனக்கு அந்தத் தரையைப் பார்த்தால் தலை சுற்றும். நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். லுக்கேரியா அதன்மேல் கம்பளிச் செருப்போடு நடந்துபோய், ஒரு கோட்டின் மேல் நின்று, "இது மூக்கு, இருபத்தி மூணாம் விலா" என்பாள். இந்தத் தொழிலுக்கு வருமுன் அவள் தையல் ஆலையில் கோட்டு வெட்டியவள். துணியை மடித்துப் போட்டுப் பாதி முதுகை வெட்டினால் முழு முதுகு வருகிறதல்லவா, கப்பலும் அவ்வளவுதான் என்பாள். அவ்வளவுதானாம்!

1968 வசந்தத்தில் தொலோச்கோவின் அளவுகள் லெனின்கிராதிலிருந்து வந்தன. நூற்று முப்பது மீட்டர் நீளம், பதினேழரை மீட்டர் அகலம், நான்கு சரக்கறைகள், ஆறாயிரம் டன்னுக்கு மேல் தாங்கும் வயிறு. எந்திரமும் ஆட்கள் தங்குமிடமும் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, நடு உடம்பு மொத்தமும் சரக்குக்குத்தான். சரக்கறைகளின் வாய்கள் ஒரு லாரியைப் படுக்கப் போட்டு இறக்கும் அளவுக்கு அகலம். வடகடலின் பனிக்கட்டியை முட்டிக்கொண்டு போய் மரம் ஏற்றி வர வேண்டிய கப்பல் என்பதால் மூக்குப் பக்கம் விலாக்களை நெருக்கி நட்டு, விரல் தடிமனுக்கும் மேலான தகட்டைப் போர்த்தச் சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் தொலோச்கோ யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போரில் எரிந்த எந்திர அறையை விட்டு வெளியே வராத ஆள் என்றார்கள். எங்களுக்கு அது போதும்.

அப்போது லுக்கேரியாவுக்கு முப்பத்தொன்று. தட்டச்சு செய்த அட்டவணையில் இரண்டாயிரம் எண்கள். ஒவ்வொரு விலாவும் ஒவ்வொரு உயரத்திலும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கு. நாலாவது நீர்மட்டத்துக்கு, அதாவது ஒரே உயரத்தில் விலாக்களைத் தொட்டுக்கொண்டு ஓடும் கோட்டுக்கு, ரீப்பரைப் போட்டாள், எண்ணுக்கு எண் எலி வைத்துக்கொண்டு வந்தாள். பத்தொன்பதாம் விலாவில் 5746 மில்லிமீட்டர். எலியை வைத்ததும் ரீப்பர் முனகியது. அவள் கன்னத்தைத் தரையில் வைத்துக் கோட்டின் நீளத்துக்குப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு பள்ளம். அந்த ஒரு எலியை எடுத்தாள். ரீப்பர் டக்கென்று வெளியே துள்ளி அழகாகப் படுத்துக்கொண்டது. அளந்தாள். 5763.

வரைகூடத் தலைவர் சவேலிச்சைக் கூப்பிட்டாள். இந்த உரையாடலை அவள் எனக்குச் சொன்னது பதினைந்து வருஷம் கழித்து. ஆனாலும் சவேலிச்சின் தொண்டைக் கமறல் உட்பட அப்படியே சொன்னாள்.

"சவேலிச், பத்தொன்பதுல எலி ஒக்காரல."

"ஒக்காரலன்னா அது மேல இன்னொரு எலிய வை."

"எலி ஒக்காரும், ரீப்பர்தான் அழுவுது. பதினேழு மில்லிமீட்டர் வெளிய போகணுங்குது."

"ஓஹோ, ரீப்பர் உங்கிட்ட பேசுதா? லெனின்கிராதுல மெழுகுல கப்பல் செஞ்சு, தொட்டித் தண்ணில இழுத்துப் பாத்து நம்பர் போட்டிருக்கானுங்க. நீ கோட்டு வெட்டின பொம்பள. அவனுங்களுக்குப் பாடம் எடுக்கறியா?"

"ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இடிச்சா எழுதிக் கேக்கணும்னு விதி இருக்குல்ல. ஒரு கடுதாசி போடுங்க."

"போட்டா பதில் வர மூணு மாசம். நவம்பர் ஏழு, புரட்சி நாளுக்குள்ள கப்பல் தண்ணில நிக்கணும். இல்லன்னா என்னயத்தான் தண்ணில எறக்குவானுங்க. எலிய வைம்மா, என் உயிர வாங்காத."

அவர் கண் எதிரிலேயே எலியை வைத்தாள். அவர் தேநீர் குடிக்கப் போனதும் எடுத்துவிட்டாள். ரீப்பர் சொன்ன இடத்தில் கோட்டை இழுத்தாள். அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு, கப்பலின் ஜாதகம் மாதிரி. தரையில் வரைந்ததை அதில் எழுதி வைப்பார்கள், கப்பல் உள்ளவரை அந்தப் புத்தகமும் இருக்கும். அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் 5746 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோட்டை மாற்றியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் பொய் எழுதியதுதான் தப்பு. அவளுக்கே அது தெரியும். அதோடு, வரைந்தது பாதிக் கப்பல் என்பதால் அவள் செய்தது தானாகவே இரண்டாகிவிட்டது, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

அந்த விலாவில் தகடு பொருத்தியவன் நான். நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு நான் சம்மட்டியைத் தொடவே இல்லை. அவ்வளவு தடித்த தகடு, கிரேன் இறக்கிய இடத்திலேயே பானைமேல் மூடி உட்காருவது போல உட்கார்ந்தது. "பாத்தீங்களாடா என் கைய!" என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். நவம்பர் மூன்றாம் தேதி கப்பலை இறக்கினோம். கட்டைகள் முறிய, சறுக்குப் பாதையில் பூசிய கொழுப்பு புகைய, அத்தனை இரும்பும் மூச்சுவிடும் நேரத்தில் ஆற்றுக்குள் போனது. நிமிர்ந்து ஒரு குலுக்கல், அப்புறம் எதுவுமே நடக்காதது மாதிரி நின்றது. நாங்களெல்லாம் தொப்பியைத் தூக்கிப் போட்டோம். லுக்கேரியா கூட்டத்துக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்புக்கு என்னமோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பல் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே! கோடையில் யெனிசெய் ஆற்றில் ஏறி இகார்காவில் மரம், குளிரில் ஹவானாவுக்கு எந்திரம் கொண்டுபோய்த் திரும்பும்போது சர்க்கரை, ஒரு தடவை கல்கத்தாவிலிருந்து சணல், ஹைபோங்குக்கு அரிசியும் அதன் அடியில் கேட்கக்கூடாத சரக்கும். பிஸ்கே விரிகுடாவில் மேல்தளத்து மரமெல்லாம் அலை அள்ளிக்கொண்டு போக, ஒரு பக்கம் சாய்ந்தபடியே நான்கு நாள் ஓடிக் கரை சேர்ந்தது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது செய்தித்தாள் அல்ல, லுக்கேரியாதான். மாலுமிகளின் வாயைப் பிடுங்கிப் பிடுங்கித் தெரிந்துகொள்வாள். "மூக்குல தண்ணி வருதா? முன்னாடி சரக்கறைல எதாவது சத்தம் கேக்குதா?" என்று கேட்பாளாம். காதலனைப் பற்றி எவளாவது இப்படிக் கேட்பாளா? எங்களுக்குத்தான் மூளை இல்லை.

1983 மார்ச்சில் தொலோச்கோ வீட்டுக்கு வந்தது. காரா கடலில் பனிக்கட்டி ஒன்று வலது தோளில் முட்டி, பதினெட்டு முதல் இருபது வரை மூன்று விலாக்களை உள்ளே அமுக்கியிருந்தது. பழுதுபார்க்க மே மாதம்தான் வருவதாக ஏற்பாடு, முன்னாலேயே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து லுக்கேரியா ஊரில் இல்லை. சவேலிச் போய்ச் சேர்ந்தபிறகு அவள்தான் வரைகூடத் தலைவி. முட்டி போட்டு முட்டி போட்டே தேய்ந்த முழங்காலுக்குச் சேற்று வைத்தியம் பார்க்க யெவ்பத்தோரியா போயிருந்தாள். அவளுக்குக் கீழே இருந்தவர்கள் அளவுப் புத்தகத்தை விரித்தார்கள், மூன்று விலாவுக்கும் எண்ணைக் கொடுத்தார்கள், பட்டறை வளைத்துக் கொடுத்தது, நான் நட்டேன். தகட்டை மேலே போர்த்தினேன். பதினெட்டில் ஒட்டியது, இருபதில் ஒட்டியது. பத்தொன்பதில் என் கட்டைவிரல் உள்ளே போய் வந்தது.

அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை காலையில் நேரே வரைகூட வாசலில் போய் நின்று கத்தினேன். பூட்ஸைக் கழற்ற எனக்குப் பொறுமை இல்லை.

"ஏய் தரசிவ்னா! மூணு வாரம் சேத்துல ஊறிட்டு வந்தியே, இங்க உன் ஆளுங்க போட்ட கோட்டப் பாத்தியா? பத்தொன்பதாம் விலாவுக்கும் தகட்டுக்கும் நடுவுல கோழி முட்டை போடலாம்!"

வழக்கமாக இதற்குப் பதில் ஒரு எலி பறந்து வரும். அன்று வரவில்லை. அவள் முகம் சுவர்ச் சுண்ணாம்பாக வெளுத்தது.

"எந்தக் கப்பல்?" என்றாள்.

"உன் கப்பல்தான். தொலோச்கோ. உன் மாப்பிள்ளையும் அதுலதான் வந்திருப்பான், போய்ப் பாரு."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே, அந்தப் படியிலேயே, இதுவரை நான் சொன்னதெல்லாம் சொன்னாள். எலி, ரீப்பர், சவேலிச், நாற்பத்தொன்றாம் பக்கம். எனக்குக் கோபம் போய்விட்டது. எங்கள் தொழிலில் எதற்கும் ஒரே மருந்துதான் உண்டு, அதைச் சொன்னேன்.

"இதுக்குப் போயா இப்படி ஒக்காந்துட்ட? நாலு ஜாக்கி போட்டு தகட்ட உள்ள இழுத்து வெல்டிங் வெச்சிடறேன். மேல பெயின்ட் அடிச்சா உங்கப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

அப்புறம் தரையைப் பார்த்தபடி, "சரி, இழு" என்றாள்.

போனேன். ஜாக்கிகளை நட்டேன், ஆப்புகளை வைத்தேன். இதையெல்லாம் ஆயிரம் தடவை செய்தவன் நான். இரண்டு ஜாக்கி இறுக்கியதும் தகடு கிறீச்சிட்டது. எனக்கு அது வழக்கமான சத்தம். மூன்றாவதில் கை வைக்கும்போது, தண்ணீரை வடித்துக் கப்பலை நிறுத்தியிருந்த உலர்துறைப் பள்ளத்தின் மேலே இருந்து யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். லுக்கேரியா வந்துகொண்டிருந்தாள். மார்ச் மாதச் சேற்றில், தண்டவாளங்களைத் தாண்டி, இரும்புத் தூளிலும் எண்ணெயிலும் கால் வைத்து, கம்பளிச் செருப்போடு. அதுவரை நான் அங்கே இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் செருப்பு வாசலைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பாதிரியார் அங்கியோடு ஆற்றில் குதித்திருந்தால்கூட எங்கள் ஆட்கள் அப்படி வாயடைத்து நின்றிருக்க மாட்டார்கள்.

"நிறுத்து தெம்யான்! எடு ஜாக்கிய!"

"நீதானம்மா இழுக்கச் சொன்ன?"

"சொன்னேன். பொய் சொன்ன வாய், அது என்ன வேணாலும் சொல்லும். நீ இழுத்துப் பிடிச்சு வெல்டிங் வெச்சா அந்தத் தகடு தெனம் வெளிய வரப் பாத்துக்கிட்டே இருக்கும். அடுத்த பனிக்கட்டி தட்டினா தெறிச்சிடும். உள்ள முப்பத்தோரு பேர் இருக்காங்க. எடுடா!"

'டா' என்றாள். எனக்கு அவளைவிட நான்கு வயது அதிகம். எடுத்துவிட்டேன்.

"இப்ப என்ன பண்ண? சரியான கோட்டுக்கு எங்க போவ? நீ போட்டது தரையோட போச்சு, அது மேல முப்பது கப்பல் வரைஞ்சாச்சு."

"இன்னொரு பாதி இருக்குல்ல," என்றாள்.

முதல் சரக்கறைக்குள் இறங்கினோம். நான் ரீப்பரைத் தூக்கிக்கொண்டு முன்னால், அவள் முழங்காலைத் திட்டிக்கொண்டு பின்னால். ஏணியில் பாதி இறங்கும்போதுதான் சொன்னாள், தான் வரைந்த எந்தக் கப்பலுக்குள்ளும் இதுவரை ஏறியதே இல்லையாம். முதலில் நேரமில்லை. தொலோச்கோவுக்குப் பிறகு பயம்.

அடியில் போய் நின்றதும் அண்ணாந்து பார்த்தாள். மேலே திறந்திருந்த வாயிலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் விலாக்கள் வரிசையாக எழும்பி, மூக்கை நோக்கி நெருங்கி நெருங்கிப் போய், இருட்டில் ஒன்றுசேர்ந்தன. நான் ஆயுசு முழுக்க அதைப் பார்த்தவன். ஒரு நாளும் பார்க்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் காலடியில் படுத்துக் கிடந்த கோடுகள் எழுந்து நின்றன. மூன்று ஆள் உயரத்துக்கு, இரும்பில், கடலையே வெளியே நிறுத்திக்கொண்டு நின்றன. பிஸ்கேயின் அலையும் காராவின் பனியும் பதினைந்து வருஷம் இந்தச் சுவரில்தான் வந்து முட்டின என்று நினைத்தபோது என் முதுகு சிலிர்த்தது. தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

"தெம்யான், இதெல்லாம் நான் போட்டதா?" என்றாள் மெதுவாக.

"வேற யாரு போட்டது? உன் எலியா?"

சிரிக்கவில்லை. இடப்பக்கச் சுவரிடம் போய் பத்தொன்பதாம் விலாவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இந்தப் பக்கத்த நான் வரைஞ்சதே இல்ல," என்றாள்.

மரத் தடுப்பைப் பிரித்து, விலாக்களின் உள்விளிம்பில் ரீப்பரை ஒட்டிப் பிடித்தோம். பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை ஏழு விலா. ஒவ்வொன்றிலும் ரீப்பர் தொட்டது. ஒரு காகிதம்கூட நடுவில் நுழையவில்லை. பிறகு நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, விலாவின் கனத்தையும் சேர்த்து அளந்தாள். நாடாவைப் பிடித்தது நான், எண்ணைப் படித்தது அவள். 5763. பதினைந்து வருஷப் பனிக்கட்டி அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தின்றிருக்கவில்லை. வரைந்த பாதி நசுங்கிவிட்டது. வரையாத பாதி அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

"அப்புறம் என்ன?" என்றேன். "இத வெச்சு புது விலா வளைச்சிடலாம். யாருக்கும் சொல்ல வேணாம். புத்தகத்தத் திருப்பி அலமாரில வெச்சிடு."

"யானோவிச் எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

ஆர்னோல்த் யானோவிச் லாத்வியாக்காரர். கப்பலுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வாளர். வருஷத்துக்கு இரண்டு தடவை சிரிப்பார் என்று பேச்சு, நான் பார்த்ததில்லை. லுக்கேரியா அவர் அறைக்கு அந்தச் சேற்றுச் செருப்போடேயே போனாள். நானும் கூடப் போனேன். சாட்சிக்கா, தைரியத்துக்கா, தெரியவில்லை. புத்தகத்தை அவர் மேசையில் வைத்தாள்.

"இதுல ஒரு பொய் இருக்குங்க. நான் எழுதினது."

"எந்தப் பக்கம்?" என்றார் அவர், வேறொன்றும் கேட்காமல்.

சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இடப்பக்கத்துல அளவெடுத்துட்டீங்க. சத்தமில்லாம விலாவ மாத்தியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது, லுக்கேரியா தரசிவ்னா. இது உங்க பதவிக்கே ஆபத்தா வரும். ஏன் வந்து சொல்றீங்க?"

"அடுத்த தடவ இடப்பக்கம் அடிபட்டா? இல்ல ரெண்டு பக்கமும்? அப்போ நான் இருக்க மாட்டேன். இந்தப் புத்தகந்தான் இருக்கும்."

யானோவிச் கப்பலை நிறுத்தி வைத்தார். அந்த எண் பற்றி 1968-லிருந்து வந்த எல்லாக் காகிதமும் தன் மேசைக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் லுக்கேரியா வேலைக்கு வந்தாள், சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து போர்ஷ் சூப் குடித்தாள். அவளிடம் யாரும் பேசவில்லை. எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். பதினைந்து வருஷம் மாப்பிள்ளை கதை பேசின வாயெல்லாம் திடீரென்று ரொட்டியை மெல்வதில் மும்முரமாகிவிட்டது. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். "போ, உன்மேலயும் சேத்து கேஸு வெப்பாங்க," என்றாள். "வெக்கட்டும், பொல்லாத ஜாக்கி கேஸு," என்றேன்.

பத்தாம் நாள் யானோவிச் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பழைய கோப்பு. கீழ்மாடிக் காகித அறையிலிருந்து, பதினான்கு வருஷத் தூசியோடு வந்திருந்தது. உள்ளே கையகலத் தாள் ஒன்று, லெனின்கிராத் முத்திரையோடு. அதே வரைபடத்தில் கப்பல் கட்டிய வேறொரு தளம் எழுதிக் கேட்டிருக்கிறது. அதற்கான பதிலின் நகல் எங்களுக்கும் வந்திருக்கிறது, 1969 பிப்ரவரியில். யானோவிச் வாசித்தார்:

"நாலாம் நீர்மட்டம், பத்தொன்பதாம் விலா. 5746 என்பதை 5764 எனத் திருத்திப் படிக்கவும். தட்டச்சுப் பிழை."

ஓரத்தில் எங்கள் அலுவலகத்து எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: 'கப்பல் இறக்கப்பட்டுவிட்டது. கோப்பில் சேர்க்க.'

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேசையை அடித்தேன், யானோவிச்சின் மைப்புட்டி துள்ளியது. "தட்டச்சுப் பிழையா! ரெண்டு எழுத்த மாத்தித் தட்டிட்டு ஒருத்தி வீட்டுக்குப் போயிட்டா, இங்க ஒருத்தி பதினஞ்சு வருஷம் தூங்கல! பதில் இவ காலுக்கு ரெண்டு மாடி கீழ கெடந்திருக்கு! படுபாவிங்களா, ஒரு ஆள் மாடி ஏறி வந்து சொல்லக் கூடாதா?" இன்னும் நிறையச் சொன்னேன், அதெல்லாம் அச்சில் ஏறாது. யானோவிச் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்கும்போது, புத்தகத்தில் பொய் எழுதியதற்காக லுக்கேரியாவுக்குக் கடும் கண்டனம் பதிவாகும், தலைமைப் பதவி போகும், கப்பலுக்கு ஆபத்து விளைவித்தாள் என்ற குற்றம் மட்டும் இருக்காது என்றார்.

லுக்கேரியா எங்கள் இரண்டு பேரையும் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்தத் தாளை வாங்கி மூன்று தடவை படித்தாள். உதடு அசைந்தது. அழப்போகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன்.

"ஒண்ணு கொறையுது," என்றாள்.

"என்னது கொறையுது?"

"அறுபத்தி நாலு இருக்கணும். என்னுது அறுபத்தி மூணு." விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்தாள். "அன்னிக்கு மழ. பலக ஊறியிருக்கும். அதக் கணக்குல எடுக்காம விட்டுட்டேன்."

மெழுகுக் கப்பலும் தொட்டியும் கணக்கும் வைத்திருந்தவர்கள் கண்டுபிடித்த எண்ணை, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்த இவள் ஒரு மில்லிமீட்டர் கிட்டே போய்த் தொட்டிருக்கிறாள். அந்த ஒன்றுக்காக வருத்தப்படுகிறாள். துள்ளி நகர்ந்த மைப்புட்டியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

யானோவிச் பேனாவை நீட்டினார். "திருத்திடுங்க. அறுபத்தி நாலுன்னு எழுதினா லெனின்கிராத் தாளோட ஒத்துப்போகும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவள் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். 5746-ஐ ஒரே கோட்டால் அடித்தாள். அதன்மேல் நிதானமாக 5763 என்று எழுதினாள்.

"கப்பல் எங்க நிக்குதோ அதத்தாங்க எழுதணும்," என்றாள்.

யானோவிச் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.